ஏழைக்கு மட்டும்

இந்தக் காலத்தில் ஒரு பிடி சோறு போடுகிறவன்கூட முதலில் போனைத்தான் எடுக்கிறான். தெருமுனையில் வேன் வந்து நின்றதும் நானும் வரிசையில் நின்றேன். வீட்டில் கிழவி காலையிலிருந்து பட்டினி.

"தாத்தா, பொட்டலத்தை மேல தூக்கிப் பிடிச்சு சிரிங்க" என்றாள் போன் வைத்திருந்த பெண்.

"பல்லு இருக்கிறவனைச் சிரிக்கச் சொல்லும்மா."

"எங்க ஹோட்டல்ல மிஞ்சினது தாத்தா. ஏழைங்களுக்குக் குடுக்கச் சொன்னதே மேனேஜர் சார்தான். அவருக்கு ஒரு நன்றி சொல்லுங்க, வீடியோ ஓடுது."

வேனிலிருந்து கைகூப்பியபடி இறங்கிய மேனேஜர், என்னைப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டார்.

"சார், மத்தியானம் உங்க ஹோட்டல்ல பாத்திரம் கழுவிட்டு, மிஞ்சின இதே சோத்தைத்தான் கிழவிக்குக் கட்டினேன். திருடன்னு சொல்லி வேலையை விட்டுத் துரத்தினீங்க. இப்ப மட்டும் கொண்டுபோகலாமா?"

மேனேஜர் அசரவில்லை. "மிஞ்சினது ஏழைக்குத்தான்யா, வேலைக்காரனுக்கு இல்ல. மத்தியானம் உனக்கு வேலை இருந்துச்சு. இப்ப இல்லையே, தாராளமா வாங்கிக்கோ."

"ஏழையாக்கினதுக்கும் சேத்து நன்றி சொல்லணுமா சார்?"

பதிலுக்கு நிற்காமல் பொட்டலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தேன்.

"தாத்தா, வீடியோவுல சிரிப்பு விழல. இன்னொரு தடவை வாங்க" என்று பின்னாலிருந்து கூப்பிட்டாள் அந்தப் பெண்.