இரண்டு மிஷின்

மதுரைப் பஞ்சாலையில் நல்லகாமனுக்கு ஒரு மிஷின். பக்கத்துத் தவசிக்கு ஒரு மிஷின். ஒரு மாதமாக மத்தியானத்தில் இரண்டையும் நல்லகாமனே ஓட்டினான்.

"அண்ணே, பொண்டாட்டி பெரியாஸ்பத்திரியில கெடக்கா. என் மிஷினையும் செத்த பாத்துக்கிருங்க, கஞ்சி குடுத்துட்டு ஓடியாரேன்."

"போடா தம்பி. நானாச்சு."

இங்கே அறுந்த இழையை ஒட்டுவதற்குள் அங்கே நாலு இழை அறுந்திருக்கும். இடுப்புக் கழன்றது. ஆனாலும் நூல் குறையவில்லை.

ஒன்றாம் தேதி உத்தரவு வந்தது. இனி ஓர் ஆளுக்கு இரண்டு மிஷின். பாதிப் பேருக்குச் சீட்டுக் கிழிந்தது. தவசியின் மிஷினில் நல்லகாமன் பெயரை ஒட்டியிருந்தார்கள். பதறிப்போய் மானேஜரிடம் ஓடினான்.

"ஐயா, தவசி பொண்டாட்டி சீக்காளி. எனக்கு அரைச் சம்பளம் போதும். அவன வீட்டுக்கு அனுப்பிறாதீக."

மானேஜர் சிரித்தார்.

"அவன யாருடா அனுப்புனா? தெனமும் மத்தியானம் என்னைய ஜன்னல்கிட்ட நிறுத்தி, 'ஒத்த ஆளு ரெண்டு மிஷின் ஓட்டுறதப் பாருங்க'ன்னு உன்னையக் காட்டுனதே அவந்தான். இனி அவந்தான் உங்க மேஸ்திரி."

வெளியே வேலை போனவர்கள் நின்றார்கள்.

"ரெண்டு மிஷின் ஓட்டிக் காட்டி எங்க சோத்துல மண்ணப் போட்டியேடா" என்று நல்லகாமன் காலடியில் ஒருவன் காறித் துப்பினான்.