பட்டியலின் அடியில்

"பாப்பா பிறந்தநாள் அட்டைக்கு மேலே இருக்கிற பத்து எழுத்துருல ஒண்ணை எடுங்க அண்ணி. கீழே போகாதீங்க, எல்லாம் குப்பை," என்றான் கொழுந்தன், முன்னறையில் பிரிண்டரோடு மல்லுக்கட்டியபடி.

போகாதே என்றால் கை கேட்குமா? உள்ளறைக் கணினியில், பட்டியலின் அடியில் இருந்த பெயரில்லாத ஒன்றைச் சொடுக்கினாள். அதன் எழுத்துகள் அத்தனையும் வரிசையாகத் திரையில் விரிந்தன.

அவள் திரைக்கு அருகே குனிந்தாள். வால் நீண்ட 'ழ', தலை சாய்ந்த 'க'. எல்லாமே கப்பல் வேலைக்குப் போன கணவனின் கையெழுத்து! ஒரு வருடமாக அவனிடமிருந்து போன்கூட இல்லை; மாதம் தவறாமல் கடிதம் மட்டும்தான்.

பதறி மூடினாள். முன்னறையில் பிரிண்டர் ஓய்ந்தது.

"என்ன அண்ணி, முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு?" சிரித்தபடி வந்த கொழுந்தன் ஒரு உறையை நீட்டினான். "அண்ணன் கடிதம். இப்பதான் தபால்ல வந்துச்சு."

தாளை உருவினாள். 'நான் நலம்' என்ற வரியில் பட்ட கட்டைவிரலில், ஈரம் காயாத மை ஒட்டிக்கொண்டது.