ஆவாரங்குளம் விலக்கு

கோயிலுக்கு முன்னால் பஸ் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தபோது மனுவை நீட்டினேன்.

பரிபூரணம் அக்கா அப்போதுதான் ஏறி உட்கார்ந்திருந்தார். ஜன்னலோரம் அவருடைய மகள். ஏழு மாசம். செக்கப்புக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறாளாம். உட்கார்ந்ததுமே அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

"செத்த பொறு தம்பி," என்றார் அக்கா.

பொறுக்கிற நிலைமையிலா இருந்தோம்?

வத்திராயிருப்பிலிருந்து வரும் முதல் பஸ் முன்பெல்லாம் ஊருக்குப் பாதை பிரிகிற ஆவாரங்குளம் விலக்கில், மெயின் ரோட்டிலேயே ஆளை ஏற்றிக்கொண்டு போய்விடும். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி ஆறு பத்து டவுன் பஸ்ஸைப் பிடித்தால், ஏழு மணிக்குள் ராஜபாளையத்தில் மில் கேட்டைத் தாண்டிவிடலாம்.

இந்த ஆடியிலிருந்து பஸ் இரண்டு கிலோமீட்டர் ஊருக்குள் வருகிறது. கோயில் முன்னால் திரும்ப இடமில்லாமல் முன்னே பின்னே போய்த் தவிக்கிறது. பிறகு வந்த வழியே விலக்குக்குப் போகிறது. கால் மணி நேரம் போச்சு. டவுன் பஸ் டிரைவர் மனசு வைத்துக் காத்திருந்தால் உண்டு. இல்லாவிட்டால் பஸ் கிளப்பிவிட்டுப் போன தூசிதான் எங்களுக்கு.

முதல் நாள் பஸ் ஊருக்குள் வந்தபோது தேங்காய் உடைத்து, மாலை போட்டு, டிரைவர் நெற்றியில் சந்தனம் வைத்தார்களாம். எங்கள் வயிற்றில் அடித்ததற்கு அவ்வளவு மரியாதை!

மாசத்தில் மூன்று நாள் லேட்டாக வந்தால் நிரந்தரமில்லாத பதிலித் தொழிலாளிக்கு அதோடு வேலை இல்லை என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். நான், ராக்கப்பன், பரிபூரணம் அக்கா மூன்று பேருமே பதிலிகள். மூன்று பேருக்கும் இரண்டு நாள் ஆகிவிட்டது. தேதி பதினொன்றுதான் ஆகிறது.

காலை டிரிப் மட்டுமாவது பழையபடி விலக்கிலேயே நிற்கட்டும் என்று தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதி வாங்கினேன். முப்பத்தேழு கையெழுத்துச் சேர்ந்துவிட்டது. எல்லாம் வத்திராயிருப்பு ஆட்கள்.

ஆவாரங்குளத்துக்காரர் ஒருத்தராவது போட்டால்தான் மனு எடுபடும் என்றார் எழுதிக் கொடுத்தவர். பஸ்ஸை உள்ளே வரவழைத்த பழைய மனுவின் நகலையும் யாரையோ பிடித்து வாங்கி, புது மனுவுக்கு அடியில் வைத்துக் குண்டூசி குத்தித் தந்தார். எந்தப் புண்ணியவான் எழுதினானோ, அதைப் படிக்கவே எனக்கு மனசில்லை.

ஆவாரங்குளத்தில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் பரிபூரணம் அக்காதான்.

அக்கா தாளை வாங்கினார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் மெதுவாகப் பார்த்தார். உதடு அசைந்தது. பஸ் முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடியும் முன்னால் போனது.

"இதைக் குடுத்தா பஸ்ஸு பழையபடி விலக்குலயே நின்னுருமா?"

"நின்னுரும்க்கா. நமக்கு வேலை நிக்கும்."

மகளின் தலை நழுவியது. அதை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறு கையின் பெருவிரலை என் பக்கம் நீட்டினார்.

"எனக்கு எழுத வராது தம்பி. கைநாட்டு வைக்கேன். பேரை நீயே எழுதிக்கோ." குரல் மகளுக்குக் கேட்காத அளவுக்குத்தான் வந்தது.

பேனாவை விரலில் தேய்த்து மை ஏற்றி, அழுத்திப் பிடித்தேன். ரேகை நன்றாக விழுந்தது. பின் சீட்டிலிருந்து ராக்கப்பன் கண்ணடித்தான். ஒரு வாரத்து அலுப்பு கொஞ்சம் இறங்கிய மாதிரி இருந்தது எனக்கு.

மை காயட்டும் என்று மேல் தாளைத் தூக்கி ஊதினேன். அடியில் இருந்த பழைய மனு கண்ணில் பட்டது. இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. அக்கா மில்லுக்கே வராத காலம்.

'சென்ற ஐப்பசி மழையில் விலக்குக்கு நடந்து போகையில் எனது மகள் அழகுத்தாய்க்குப் பாதி வழியிலேயே பிரசவமாகி, குழந்தை தங்கவில்லை. ஆகவே முதல் பஸ் ஊருக்குள் வந்து போகும்படி...'

கீழே ஐம்பது பேர் இருக்கும். பாதிக்கு மேல் கைநாட்டு. முதலில் இருந்தது கையெழுத்து. அறிவொளி வகுப்பில் புதிதாகப் பழகிய கை. எழுத்துகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகக் கோட்டை விட்டு இறங்கியிருந்தன. கடைசிப் புள்ளியை மட்டும் அழுத்தி வைத்திருந்தது நகலிலும் கறுப்பாகத் தெரிந்தது.

பரிபூரணம்.

நிமிர்ந்து பார்த்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. மகளின் வயிற்றில் காற்றடிக்காமல் தன் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தார். மை பட்ட பெருவிரலை மட்டும் சேலையில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார்.

பஸ் ஒருவழியாகத் திரும்பி விலக்கைப் பார்த்துக் கிளம்பியது. மில்லின் மேலும் மனுவின் மேலும் என் மேலும் எரிச்சலாக வந்தது.

ரேகைக்குப் பக்கத்தில் பெயர் இருந்தால்தான் மனு செல்லும். ஒரு வருஷமாக ஒரே ஷிப்டில் வேலை பார்க்கிறோம். ஆனாலும் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டேன்.

"என்ன பேருக்கா எழுத?"