இருப்புக் கொள்ளாத கல்

தோட்டத்துப் பாதையில் கல் பதித்து, இடுக்கெல்லாம் மணலைக் கூட்டித் தள்ளிவிட்டுப் போனார்கள். அதில் ஒரே ஒரு கல்லுக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை.

"எறும்பக்கா, அசையக்கூட முடியலயே! என்னைச் சுத்தி இருக்கற மணலைக் கொஞ்சம் எடுத்துடேன்."

"எடுத்தா திருப்பி வைக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"யாரு வைக்கச் சொன்னா? எடு சீக்கிரம்."

எறும்பு மணி மணியாகத் தூக்கிக்கொண்டு போனது. இடுக்கு காலியானதும் கல் தடக் தடக்கென்று ஆட்டம் போட்டது. மிதித்தவர்களுக்குக் கால் பிரண்டது. அப்புறம் எல்லோரும் அதைத் தாண்டியே நடந்தார்கள்.

"அக்கா, ஒருத்தரும் என்மேல கால் வைக்க மாட்டேங்கறாங்களே!" என்று கல் இப்படியும் அப்படியும் புரண்டது.

கல்லுக்கு அடியிலிருந்து எறும்பு கத்தியது.

"ஆடாம இருக்கியா? குடிவந்து நாலு நாள்தான் ஆகுது. முட்டையெல்லாம் உருளுது!"