ஒரு சாண் மடிப்பு

"நான் வரலைங்க."

தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள் மனைவி.

டாக்டருக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் இல்லை. வரலாற்றில் முனைவர். கல்லூரி கல்லூரியாக ஒப்பந்த வேலை. கல்லூரி கையை விரிக்கும், லாரி வரும், பீங்கான் பாத்திரங்களைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு இவளும் ஏறிவிடுவாள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இந்த வருஷமும் கையை விரித்தார்கள். நல்லவேளையாக, வேறு ஊரில் ஒரு கல்லூரி கூப்பிட்டது. அதே சமயம் பார்த்து இவளுக்கு இங்கே ஆஸ்பத்திரி லேபில் வேலை நிரந்தரமாகித் தொலைந்தது.

"ரத்தத்தைக் குழாய்ல ஊத்துற வேலை எந்த ஊர்லயும் கிடைக்கும்."

"கிடைக்கும். நிரந்தரமாக் கிடைக்காது."

"எனக்கும் இந்தத் தடவை நிரந்தரமாயிடும். வாய்விட்டே சொல்லியிருக்காங்க."

"போன ஊர்லயும் வாய்விட்டுத்தான் சொன்னாங்க."

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை படித்தவன், ஒரு டிப்ளமாக்காரியிடம் கெஞ்சிக்கொண்டு நிற்பதா? அக்காவுக்குப் போன் போட்டுக் கொட்டித் தீர்த்தார். இனி ஓட்டலில் தின்று வயிறு கெட்டுக் கிடக்க வேண்டியதுதான் என்றார்.

"சொந்தச் சம்பளம்டா தம்பி," என்றாள் அக்கா. "உன்னைக் கழட்டி விட்டுட்டா."

போனை வைத்துவிட்டு வந்தால், மனைவியின் மடியில் கூடத்து ஜன்னல் திரை. அடி மடிப்பின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த மடிப்பு அவருக்குத் தெரியும். எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு சாண் துணியை உள்ளே மடித்துத்தான் தைப்பாள். அடுத்த வீட்டு ஜன்னல் உயரமாக இருந்தால் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். 'குடிவந்த அன்னிக்கே காலி பண்ண நாள் பார்க்கிறா' என்று அதற்கே எத்தனையோ முறை எரிந்து விழுந்திருக்கிறார். இன்று அதே மடிப்பு வயிற்றில் பால் வார்த்தது.

"அங்க ஜன்னல் உயரம்தான். முழுசா இறக்கிடு," என்றார், ஜெயித்த குரலில்.

அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். அந்த ஒரு சாணையும் ஓரத்திலிருந்து ஓரம்வரை நறுக்கிப் போட்டாள்.

"உனக்கென்ன பைத்தியமா? இனிமே இது வேற எந்த ஜன்னலுக்கும் எட்டாது."

"எட்ட வேண்டாம்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு வேலை போறப்போ கூடவே நமக்கு வீடும் போச்சு. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஓடினீங்க. இந்தத் தடவை தைரியமாப் போய்ட்டு வாங்க. போனா வேலை மட்டும் போகட்டும். வர்றதுக்கு வீடு இருக்கு."