ஓடினா போதும்

"வேற கம்பெனி மிஷின்ல எங்க சர்வர் சாஃப்ட்வேரைப் போட்டா, அப்புறம் நாங்க பொறுப்பில்ல மேடம்" என்று சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் போனில் கைவிரித்துவிட்டார்கள்.

ஒரகடம் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த சுகப்பிரியா, அதை அப்படியே மேனேஜர் ரத்தினத்திடம் சொன்னாள்.

"இன்னாம்மா பயப்படறே? கேன்டீன் டோக்கனுக்குத்தானே! ஓடினா போதும்."

தலைகீழாக நின்று வேறு கம்பெனி கம்ப்யூட்டர் ஒன்றில் அந்த சாஃப்ட்வேரை ஓடவைத்தாள். ஆனால் அவ்வப்போது அது திரையின் கடிகாரம்கூட நகராமல் ஒரு நிமிடம் உறைந்துபோய், பிறகு தானே உயிர்பெற்றது.

"நடுவுல நின்னுடுது சார்."

"சோத்து வரிசை ஒரு நிமிசம் நின்னா குடி முழுகிப்பூடுமா?" ரத்தினம் ஆள்வைத்துக் கம்ப்யூட்டரைத் தூக்கிப்போனார்.

மறுநாள், வெல்டிங் லைனில் வேலை பார்க்கும் அவள் கணவன் இசக்கிதுரை போன் செய்தான்.

"ஏட்டி, உன் கம்ப்யூட்டரை ரத்தினம் சார் எங்க லைன்லல்லா மாட்டியிருக்காரு! ரோபோ நிக்க கூண்டுக்குள்ள ஆள் போனா, ரோபோவை இனி அந்தக் கம்ப்யூட்டரே நிறுத்திருமாம். கரண்டை அணைக்கவே வேண்டாங்காரு. உள்ள ஒரு போல்ட் விழுந்து கெடக்கு. யாருக்கும் போக தைரியம் இல்ல. என் பொண்டாட்டி பண்ணுனது, நான் போறேம்னுட்டேன். எடுத்துட்டு வந்து பேசுதேன்."

"ஐயோ, போவாதீங்க!"

அவன் போனை வைத்துவிட்டிருந்தான்.

அந்தக் கம்ப்யூட்டரைத் தன் திரையில் திறந்தாள். அதன் கடிகாரம் நகரவில்லை.