நாலாவது ஆல்பம் முடிந்த பிறகு

“இன்னிக்கு மேல் வீட்டுல பாட்டே போடலைங்க. எனக்கு என்னமோ பயமா இருக்கு.”

பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வந்த டிரைவர் அப்போதுதான் ஒரு ஷூவைக் கழற்றியிருந்தார். “ஒரு மாசமா அது நிக்காதான்னு புலம்பினே. இப்ப நின்னதுக்கும் புலம்பலா?”

அவர் மனைவி சீலிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டிலேயே பல் செட் செய்து கொடுப்பது அவள் தொழில். மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதிக்க வேண்டும். இம்மி பிசகினாலும் மாட்டிக்கொள்கிறவருக்கு வாய் கோணிவிடும். அப்படிப்பட்ட வேலை நடக்கிற அறைக்கு நேர் மேலே, போன மாதம் ஒரு பெரியவர் தனியாகக் குடிவந்தார். சாயங்காலம் அவர் பாட்டை வைத்தால் மேசையில் அடுக்கியிருக்கும் பற்கள் தாமாகவே ஆட ஆரம்பித்துவிடும்.

அது ஒரே குழுவின் நாலு ஆல்பங்கள் என்று டிரைவர்தான் செல்போனில் கண்டுபிடித்துச் சொன்னார். “அட்மாஸ்பியரிக் மெட்டலாம், ராக் பாட்டுல ஒரு தினுசு.”

“பாத்திரக் கடையைக் கவுக்கறதுக்கு இவ்ளோ பெரிய பேரா?” என்றாள் அவள்.

ஆனால் தினமும் காதில் விழுந்தால் எந்தச் சத்தமும் பழகித்தான் போகிறது. முதல் ஆல்பம் வெறும் கோபம், யாரோ கதவை உடைக்கிற மாதிரி. இரண்டாவதில் மழை கொட்டும். கொடியில் துணி கிடக்கிறதே என்று அவள் இரண்டு முறை எழுந்து ஓடியிருக்கிறாள். மூன்றாவதில் ஒருவன் எங்கோ தூரத்திலிருந்து கத்திக்கொண்டே இருப்பான், ஒருவரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். அதைக் கேட்டால் அவள் கையிலிருக்கும் மெழுகைக் கீழே வைத்துவிடுவாள். நாலாவதுதான் அவளுக்கு ஆகவே ஆகாது. மூச்சு வாங்கி வாங்கி நடந்து, முடிகிற இடமே தெரியாமல் அடங்கிப்போகும்.

அது அடங்கியதும் ஒட்டடைக் குச்சியால் சீலிங்கில் ‘டம் டம்’ என்று இரண்டு போடு போடுவாள். போதும் சாமி என்று அர்த்தம். அதோடு அன்றைய கச்சேரி நின்றுவிடும். பரவாயில்லை, சொன்ன பேச்சு கேட்கிற மனுஷன் என்று நினைத்துக்கொள்வாள்.

“நேத்து மாடிப்படியில அவரைப் பாத்தேன்,” என்றாள். “காலையிலதான் ஒரு செட்டு கோணிப்போச்சு. அந்த ஆத்திரத்துல, மூஞ்சில மாட்டின மாஸ்க்கைக்கூடக் கழட்டாம, ‘ஒண்ணு அந்தப் பாட்டு சாகணும், இல்ல நீங்க சாகணும்’னு கத்திட்டேன்.”

“அடிப்பாவி! அவர் என்ன சொன்னார்?”

“சிரிச்சார். ‘ரொம்ப நன்றிம்மா’ன்னு சொல்லிட்டு மேல ஏறிட்டார். திருப்பித் திட்டியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்.”

டிரைவர் கேலியை நிறுத்திவிட்டார்.

“எனக்கே வெக்கமாப் போச்சுங்க. ராத்திரி பாட்டு முடிஞ்சப்ப குச்சியைக் கையால தொடல. கொஞ்ச நேரத்துல எதையோ தரதரன்னு இழுக்கற சத்தம். அப்புறம் தொம்முனு ஏதோ விழுந்துச்சு. அதுக்கப்புறம் பொட்டுச் சத்தம் இல்ல.”

டிரைவர் கழற்றிய ஷூவை மறுபடி மாட்டிக்கொண்டார்.

மேலே போய் அழைப்பு மணியை அழுத்தினார்கள். உள்ளே மணி அடிப்பது வெளியே நன்றாகக் கேட்டது. யாரும் வரவில்லை. மறுபடி அழுத்தினார்கள். விளக்கு எரிகிற வெளிச்சம் மட்டும் கதவின் கீழே தெரிந்தது.

“சார்! சார்!” என்று அவள் கூவினாள். குரல் உடைந்தது. “ஐயோ, என் நாக்குல ஏன்தான் அந்த வார்த்தை வந்துச்சோ!”

“தள்ளு,” என்று சொல்லி டிரைவர் தோளால் கதவை ஒரு மோது மோதினார். கதவு நிலையோடு அதிர்ந்தது.

உடனே தாழ்ப்பாள் விலகியது. பெரியவர் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு நின்றார். பின்னால், ஆளுயர ஸ்பீக்கர் ஒன்று தரையில் பிரித்துப்போட்டுக் கிடந்தது.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் அழுகையும் வந்தது. “மன்னிச்சுக்கங்க சார், நான் மனசாரச் சொல்லல. தினமும் போடுங்க, எவ்ளோ சத்தமா வேணா போடுங்க...”

பெரியவர் அவள் வாயையே உற்றுப் பார்த்தார். தன் பல்லில் ஏதாவது ஒட்டியிருக்கிறதோ என்று தொழில் புத்தியில் அவளுக்குச் சந்தேகமாகிவிட்டது.

“கொஞ்சம் நிறுத்தி நிறுத்திச் சொல்லும்மா,” என்றார் அவர், தேவைக்கு மேல் உரத்த குரலில். “எனக்குக் காது போயி பல வருஷமாச்சு. வாயைப் பாத்துத்தான் புரிஞ்சுக்குவேன். நேத்து நீங்க மாஸ்க் போட்டிருந்தீங்களா, ஒண்ணும் தெரியல. ஏதோ நலம் விசாரிக்கிறீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்.”

டிரைவருக்கு வாய் பிளந்தது. “அப்ப தினமும் பாட்டு...?”

“தரையில படுத்து முதுகால கேப்பேன் தம்பி. இப்ப இந்த ஸ்பீக்கர்தான் கெட்டுப்போச்சு. என்ன கோளாறுன்னே பிடிபடல. பாட்டெல்லாம் வருது. ஆனா நாலாவது ஆல்பத்துல, எல்லாம் அடங்கினப்புறம் கடைசியா ரெண்டு அடி வரும். பழைய வீட்டுல அது எனக்குத் தெரிஞ்சதே இல்ல, இந்தத் தரையிலதான் கண்டுபிடிச்சேன். அவ்ளோதான், எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனக்கறப்ப, யாரோ ‘நான் இருக்கேன்’னு தட்டற மாதிரி இருக்கும். அது வந்தாத்தான் எனக்குத் தூக்கம். நேத்து வரல.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருக்குத் தெரியும்படி வாயை நன்றாகத் திறந்து, “இன்னிக்கு வரும் சார்” என்று சொல்லிவிட்டு, ஒட்டடைக் குச்சியைத் தேடிக் கீழே ஓடினாள்.